ஒட்டுப்போர்வைக்கும் தலையணை உறைக்கும் ஒரே துணியா? தைத்துப் பார்த்ததில் தேறியவையும் தேறாதவையும்

போர்வையும் உறையும் செட்டாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே துணியில் வெட்டுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது பார்க்க அழகு, பயன்பாட்டுக்கு அவ்வளவு சரிவராது. இரண்டுக்கும் வேலையே வேறு. ஒட்டுப்போர்வையில் மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் தையல் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் துணி கொஞ்சம் இளக்கமாக இருந்தாலும் சமாளித்துவிடும். உறைக்கு அந்தத் துணையெல்லாம் கிடையாது. ராத்திரி முழுக்கக் கன்னத்தில் உராய வேண்டும், வியர்வையையும் தலை எண்ணெயையும் வாங்கிக்கொள்ள வேண்டும், போர்வை ஒருமுறை துவைபடுவதற்குள் அது பலமுறை துவைபட்டிருக்கும்.

குயில்டிங் காட்டன் என்ற பெயரில் விற்கும் துணியிலிருந்து ஆரம்பிக்கலாம். சுத்தப் பருத்தி, ஒன்றுக்கு ஒன்று என்ற சாதா நெசவு, அங்குலத்துக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 60, 70 இழை, பன்னா, அதாவது துணியின் அகலம், பெரும்பாலும் 42 முதல் 44 அங்குலம். போர்வையின் மேல்துணிக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பதுதான் என் கருத்து. இஸ்திரி வைத்தால் மடிப்பு மடிப்பாகவே நிற்கும், இரண்டு துண்டைச் சேர்த்து வைத்தால் வழுக்காது, கால் அங்குலம் விட்டுத் தைத்தாலும் ஓரம் பிய்ந்து வராது. ஆனால் கடையில் தொட்டுப் பார்க்கும்போது இருக்கும் அந்த விறைப்பை மட்டும் நம்பாதீர்கள், அதில் பாதி கஞ்சி. துணியின் ஒரு மூலையைக் கசக்கிக் கட்டை விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளங்கை மேல் விரித்துப் பாருங்கள். கைரேகை தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம், ஒரு துவையலிலேயே சல்லடையாகிவிடும். அப்படியே திருப்பியும் பாருங்கள், பின்பக்கம் வெளேரென்று இருந்து முன்பக்கத்துப் பூ மட்டும் மொடமொடப்பாக இருந்தால் சாயம் இழைக்குள் போகவில்லை, மேலே பூசியிருக்கிறார்கள். போர்வையில் அது பெரிய குறை இல்லை. உறையில் அந்தப் பூச்சுதான் நேராகக் கன்னத்தில் படும். குயில்டிங் காட்டனை உறையின் வாய்ப்பட்டைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் செட்டும் ஆச்சு, முகமும் தப்பிக்கும்.

பாட்டிக் விஷயம் இதற்கு நேர் எதிர். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் துணி என்பதால் இழை சன்னமாக, நெசவு இறுக்கமாக எடுப்பார்கள், நிறம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும், ஓரமும் அதிகம் பிசிறாது. மெஷினில் தைக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கூர்முனை ஊசி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கையால் தைக்கிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். ஊசி முனை துணியில் பட்டதும் ஒரு நொடி அப்படியே நிற்கும், அழுத்தினால் டப்பென்று உள்ளே போகும், ஒவ்வொரு தையலுக்கும் இதே கதை, ஒரு வரிசை முடிப்பதற்குள் விரலை வாங்கு வாங்கென்று வாங்கிவிடும். தலையணை உறைக்கோ அதே இறுக்கம்தான் பலம். வழவழவென்று இருக்கும், தளராது, நிறைய நாள் வரும்.

அடர் சிவப்பு, நீலம், கறுப்பு என்றால் சாயம் போகிறதா என்று பார்க்காமல் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். வெள்ளைத் துணியை நனைத்து அதன் மேல் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். உப்பு போடு, வினிகர் ஊற்று என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள், ஏற்கெனவே சாயம் ஏற்றிய பருத்தியில் அது ஒன்றும் செய்வதில்லை. ஒட்டாமல் தங்கிய மிச்சச் சாயம்தான் வெளியே வருகிறது, அதைச் சுடுதண்ணீரில் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசித்தான் தீர்க்க வேண்டும்.

பருத்தி முதல் துவையலில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். போர்வைக்கு ஒன்று எல்லாத் துணியையும் அலசிவிட்டு வெட்டுங்கள், இல்லை எதையுமே அலசாதீர்கள், பாதி பாதி செய்தால்தான் ஒரு கட்டம் இழுத்து ஒரு கட்டம் உப்பி நிற்கும். சிலருக்குத் துவைத்தபின் வரும் அந்தச் சுருக்கச் சுருக்கமான பழைய போர்வைத் தோற்றம் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், அதனால் அலசுவதில்லை. உறைக்கு இந்தப் பேச்சே இல்லை, அலசியே ஆக வேண்டும். 26 அங்குல நீளத்தில் 5 சதவீதம் போனால் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போச்சு, அப்புறம் தலையணையைத் திணித்துத்தான் ஏற்ற வேண்டும்.

இனி பாலிகாட்டன், அதாவது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணி. சுருங்காது, நிறம் மங்காது, விலையும் குறைவு, எல்லாம் சரி. ஆனால் தையல் மடிப்பு இஸ்திரிக்குப் படியாது, நாளாக ஆக மேலே உருண்டை உருண்டையாகத் திரளும், உறையாக்கினால் ராத்திரி புழுங்கும். இதைவிட எரிச்சல் என்னவென்றால் இதையே சுத்தப் பருத்தி என்று தலையில் கட்டுவது. ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் 100 சதவீதம் பருத்தி என்று போட்டு அனுப்பிய பூத்துணி ஏதோ வழுக்கலாக இருந்தது. ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துப் பற்ற வைத்தேன். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, முனையில் கறுப்பாக ஒரு கெட்டி மணியைக் காட்டியது. படம் எடுத்து அனுப்பினேன், பதில் இல்லை. ஜன்னல் திரை எதுவும் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்து பாருங்கள், லேபிளைவிட நம்பகமானது.

உறைக்கென்றே வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு பெர்கேலுக்கு. அதுவும் ஒன்றுக்கு ஒன்று நெசவுதான், ஆனால் சன்ன இழை, ஊடும் பாவும் சேர்த்து அங்குலத்துக்கு 200க்கு மேல். மொரமொரவென்று, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். சாட்டீன் நெசவில் ஒரு இழை நாலைத் தாண்டி மேலே மிதப்பதால் பளபளப்பும் வழுவழுப்பும் கிடைக்கும், கூடவே நகம் பட்டால் இழை இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் சூடாகவும் இருக்கும். 800, 1000 இழை என்று பெட்டியில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம், முறுக்கிய நூலின் ஒவ்வொரு பிரியையும் தனித்தனியாக எண்ணிக் கணக்கை ஏற்றிவிடுகிறார்கள்.

லினன் உறைக்கு அருமை, துவைக்கத் துவைக்க மெதுவாகும். ஒட்டுத் துண்டுகளுக்கு வேண்டாம், வெட்டிய ஓரம் கை வைத்தாலே பிரிந்து வரும். ஃபிளானல் என்ற மெத்தென்ற துணி போர்வையின் அடிப்பக்கத்துக்கு மட்டும், அதுவும் கட்டாயம் அலசிவிட்டு, ஏனென்றால் மற்றவற்றைவிடக் கூடச் சுருங்கும்.

அடித்துணிக்கு அகலமான படுக்கை விரிப்பையே போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். மெஷின் தையல் என்றால் தாராளமாகப் போடலாம், நடுவில் இணைப்பே வராது. கைத்தையல் என்றால் விரிப்பின் நெசவு பாட்டிக் போலவே ஊசியை மறிக்கும், அதற்குப் பதில் மேலே போட்ட குயில்டிங் காட்டனிலேயே இரண்டு நீளம் எடுத்து, ஓரக்கரையை வெட்டி எறிந்துவிட்டு, அரை அங்குலம் விட்டு இணைத்துக்கொள்ளுங்கள்.