ஐந்து ரோடு பக்கம் ஏபி கோச்சிங்: வாத்தியார் சரி, ஆலோசகர்தான்...

அக்கா மகனை ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு மையத்தில் ஏபிக்கு, அதாவது பள்ளியில் படிக்கும்போதே எழுதும் அமெரிக்கக் கல்லூரி மட்டப் பாடத் தேர்வுக்கு, சேர்த்தோம், பேர் வேண்டாம். கால்குலஸ் பிசி என்ற ஏபி கணக்குப் பாடம் எடுக்கும் வாத்தியார் அருமை, பையன் எந்த வரியில் தடுமாறினான் என்று நோட்டிலேயே பச்சை மையில் குறித்துக் கொடுக்கிறார், அதுக்குக் கொடுத்த காசு தகும்.

ஆலோசகர் பேச்சுதான் தாங்கவில்லை. எட்டு ஏபி எழுதினால் அமெரிக்காவில் எந்தக் காலேஜும் கூப்பிட்டுச் சீட் கொடுக்குமாம்! அங்கே பெரும்பாலும் பார்ப்பது, உன் பள்ளியில் இருந்த பாடங்களில் கடினமானதை எடுத்தாயா, அதில் மார்க் எப்படி என்பதை. பள்ளியில் ஏபியே இல்லையென்றால் அதற்காகக் கழித்துக்கட்டுவதில்லை. கிரெடிட், அதாவது ஏபி மார்க்கை வைத்துக் காலேஜில் ஒரு பாடத்தை முடித்ததாகக் கணக்கில் வைப்பது, தனிக் கதை. பிசியில் ஐந்துக்கு 5 வாங்கினால் அமெரிக்காவின் எம்ஐடி தன் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தருகிறது, அங்கேயே இருக்கும் கால்டெக் காலேஜ் ஏபிக்குக் கிரெடிட்டே தருவதில்லை. இதையெல்லாம் நாமே தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நம்மூர் பொறியியல் கவுன்சலிங்கில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்குத்தான் கட் ஆஃப், ஏபிக்கு அங்கே இடமே இல்லை. எட்டு பாடத்தைத் தலையில் கட்டினால் பிளஸ் டூ மார்க் என்னாவது?

எட்டு பாடப் பேக்கேஜை வேண்டாம் என்று அழுத்திச் சொன்னால் ஒரு பாடத்துக்கும் சேர்த்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் வண்டி நிறுத்தத்தான் இடம் கிடைக்காது.