ஓவியமா, இசையா: ஒரே ஒரு ரசனைப் பாடத்துக்குத்தான் இடம் என்றால்

கல்லூரியில் முதன்மைப் பாடத்துக்கு வெளியே ஒரு கலைப் பாடம் எடுக்க வேண்டி வரும்போது பலர் முன் வந்து நிற்பவை இரண்டு: காட்சிக் கலை அறிமுகம், இசை ரசனை. வரையத் தெரியாதவர்கள் முதலாவதைப் பார்த்துத் தயங்குகிறார்கள். நாள் முழுக்கப் பாட்டுக் கேட்பவர்கள் இரண்டாவது சுலபம் என்று நம்பிச் சேருகிறார்கள். இரண்டும் தவறான கணக்கு. ஓவியத்தை ரசிக்க வரையத் தெரிய வேண்டியதில்லை. இரண்டில் கடினமானது இசைதான். ஆனாலும் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் இசையைத்தான் சொல்வேன்.

படம் அசையாமல் நிற்கும் என்பதில் தொடங்கலாம். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-ல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தில் நடுவில் சிறுமியான இளவரசி. இடப்பக்கம் பெரிய கேன்வாஸ் முன்னால் தூரிகையோடு ஓவியரே நிற்கிறார். பின்சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் அரசனும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள். முதல் பார்வையில் கண்ணாடி கண்ணில் படாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆசிரியர் காட்டியதும் திரும்பிப் பார்க்கலாம், ‘அப்படியென்றால் அரச தம்பதி நிற்பது நாம் நிற்கும் இடத்திலா?’ என்று நிதானமாக யோசிக்கலாம். ஓவியம் நமக்காகக் காத்திருக்கும்.

இசை காத்திருக்காது. மேற்கத்திய செவ்வியல் இசையில், பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை (பெரிய வாத்தியக் குழுவுக்கான பல பகுதிப் படைப்பு; முதல் அரங்கேற்றம் 1808) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பகுதி ஏறக்குறைய 7 நிமிடம்தான். அந்த நான்கு சுரத் தொடக்கம் எல்லோருக்கும் தெரியும். அதன்பின் நடப்பதுதான் பாடம்: கருப்பொருள்களான சிறு மெட்டுகள் அறிமுகமாகின்றன, உடைத்து விரிக்கப்படுகின்றன, பிறகு திரும்பி வருகின்றன. திரும்பி வரும் கட்டத்தில், திடீரென்று எல்லா வாத்தியங்களும் ஓய, ஓபோ என்ற குழல் வாத்தியம் மட்டும் தனியாக ஒரு சிறு வரி வாசிக்கும். முதல் தடவை அந்த இடத்தில் அது கிடையாது. ஆகவே, சில நிமிடங்களுக்கு முன் கேட்டதை மனத்தில் வைத்திருப்பவருக்குத்தான் அந்த ஓபோ ஒரு நிகழ்ச்சி. மற்றவர்களுக்கு அழகான ஒலி, அவ்வளவுதான். இசை ரசனைப் பாடம் பயிற்றுவிப்பது இந்த நினைவாற்றலைத்தான். பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் பழக்கம் இதற்கு உதவாது. சில சமயம் தடையாகவே ஆகிவிடுகிறது, ஏனென்றால் ஒலியைக் கவனிக்காமல் இருப்பதில்தான் நமக்கு நல்ல தேர்ச்சி.

ராகம், தாளம் பழகிய காதுக்கு மெட்டு சீக்கிரம் பிடிபட்டுவிடும். சிரமம் வருவது ஹார்மனியில். பல சுரங்கள் ஒரே நேரத்தில் அடுக்காக ஒலிக்கும்போது அடியில் போகும் குரலை, அதாவது மெட்டு வரியை, தனியாகப் பிடிப்பது புது வேலை. இசையமைப்பாளர் பாக்கின் ஒரு ஃபியூகில் (பல குரல்கள் பின்னிச் செல்லும் இசை வடிவம்) ஒரே கருப்பொருள் ஒவ்வொரு குரலாக நுழையும். மூன்றாவது குரல் வரும்போது முதல் இரண்டும் என்ன செய்கின்றன என்று கேட்கத் தெரிந்துவிட்டால், அதற்குப்பின் எந்த இசையையும் பழையபடி கேட்க முடியாது.

தேர்வு என்று வந்தால் ஓவியம் கருணையானது. திரையில் ஒரு படம் வரும். யார் வரைந்தது, எந்தக் காலம், எந்தப் பாணி என்று எழுத வேண்டும். இதற்கு அட்டைகள் தயாரித்துப் படிக்கலாம், பேருந்தில்கூடப் புரட்டலாம். இசைத் தேர்வில் ஒரு படைப்பின் நடுவிலிருந்து ஒரு துண்டை ஒலிக்கவிட்டு, இது எது, எந்தக் கட்டம் என்று கேட்பார்கள். 30 நிமிடப் படைப்பைக் கேட்க 30 நிமிடம் வேண்டும். வேகமாக ஓட்டினால் அது வேறு இசை. தேர்வுக்கு முந்தின இரவு சமாளிக்கும் பழக்கமுள்ளவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வகுப்பிலும் நாம் பார்ப்பதும் கேட்பதும் பெரும்பாலும் நகல்கள்தான். ஓவிய வகுப்பில் அளவு ஏமாற்றும். ‘மோனாலிசா’ 77 சென்டிமீட்டர் உயரம். பிக்காஸோவின் ‘கெர்னிகா’ ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். திரையில் இரண்டும் ஒரே அளவு! நல்ல ஆசிரியர் ஒவ்வொரு படத்துக்கும் அளவைச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். இசையில் ஏமாற்றுவது சத்தத்தின் ஏற்ற இறக்கம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’ (1928) காதை எட்டாத அளவு மெல்லிய ஸ்னேர் டிரம் என்ற சிறு முரசில் தொடங்கி, அதே தாளம் மாறாமல், ஏறக்குறைய கால் மணி நேரத்தில் முழு ஆர்க்கெஸ்ட்ராவின் முழக்கத்துக்குப் போகிறது. மலிவான இயர்போனில், இரைச்சலான அறையில் அந்தத் தொடக்கமே காணாமல் போய்விடும். அதனால் வகுப்போடு ஒரு நேரடிக் கச்சேரிக்கோ அருங்காட்சியகத்துக்கோ போக வாய்ப்பிருந்தால் தவறவிடாதீர்கள்.

எழுத்து வேலையில் ஓவியப் பாடம் கூடுதலாகக் கற்றுத்தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்ன பொருள் என்று தாவுவதற்கு முன், கண்முன் என்ன இருக்கிறது என்பதை வரிசையாக எழுத வைப்பார்கள்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கண் எங்கே முதலில் போகிறது, எந்த நிறம் எதைத் தள்ளி நிறுத்துகிறது. வடிவமைப்பு, கட்டடக்கலை, படப்பிடிப்பு என்று போகப்போகிறவர்கள் மறுயோசனையின்றி இதையே எடுக்கலாம். இசையில் ‘சோகமாக இருந்தது’ என்பதைத் தாண்டி எழுதவே சில வாரம் பிடிக்கும்.

இரண்டு கலைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் மூன்றாவது வகைப் பாடமும் உண்டு. ஓவியர் கரவாஜியோவின் இருளும் ஒளியும் ஒரு வகுப்பில், தனி வாத்தியமும் குழுவும் மாறி மாறி மோதும், 17-18ஆம் நூற்றாண்டுப் பரோக் பாணிக் கான்செர்ட்டோ அடுத்த வகுப்பில் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே பருவத்தில் இரண்டு கலைகளின் பல நூற்றாண்டு வரலாறு என்றால் பெயரும் ஆண்டும்தான் மிஞ்சும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

சரி, கடினம் என்று சொல்லிவிட்டு ஏன் இசையைச் சிபாரிசு செய்கிறேன்? ஓவியத்தைப் பின்னாளில் தனியாகவும் கற்றுக்கொள்ள முடியும். படத்தின் முன் நின்று, விளக்கக் குறிப்பைப் படித்து, மறுபடி படத்துக்குத் திரும்பலாம். இசையில் ‘இதோ, இப்போது செல்லோவைக் கேளுங்கள்’ என்று அந்த நொடியில் சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும். பாடலை நிறுத்தி, பத்து விநாடி பின்னால் கொண்டுபோய், மறுபடி ஒலிக்கவிட்டு, வகுப்பே ஒன்றாக அதைக் கண்டுபிடிக்கும் அனுபவம் கல்லூரிக்குப் பிறகு எளிதில் கிடைக்காது. வாரத்தில் சில மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து கேட்க வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் என் பதில் மாறும். அவர்கள் ஓவியத்தை எடுப்பதுதான் நியாயம்.

பதிவு செய்வதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இசைப் பாடத்தில் முழுதாகக் கேட்க வேண்டிய படைப்புகள் எத்தனை, வகுப்பு நேரத்தில் கேட்பது எவ்வளவு, பேச்சு எவ்வளவு, சுரக்குறிப்பு படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா என்று விசாரியுங்கள். ஓவியப் பாடத்தில் கையால் வரையும் பயிற்சியும் உண்டா, அதற்கு மதிப்பெண் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் பொருள் செலவும் நேரமும் கூடும். அப்புறம் ஒரு மாலை, வேறு எதுவும் செய்யாமல், காகிதமும் பேனாவுமாக ‘லாஸ் மெனினாஸ்’ படத்தைக் கால் மணி நேரம் பாருங்கள். ‘பொலேரோ’வையும் கேட்டு, புல்லாங்குழல், கிளாரினெட், பஸ்ஸூன் என்று மெட்டு எந்த வாத்தியத்திடம் போகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். எந்தக் காகிதத்தில் கேள்விகள் அதிகமோ அந்த வகுப்புக்குப் பெயர் கொடுங்கள், நான் சொன்னதற்கு எதிராக இருந்தாலும்.