ஓவன் கதவு பூட்டிக்கொண்டால் இந்த ஆட்களிடம் ஏமாறாதீர்கள்: பெங்களூரு தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பெல்லந்தூரிலும் வைட்ஃபீல்டிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சுவரில் பதித்த ஓவன் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். செல்ஃப் கிளீனிங் (கடும் சூட்டில் ஓவன் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வது) முடிந்து, மறுநாள் காலை உள்ளே முழுதும் ஆறிய பிறகும் எங்கள் ஓவனின் கதவு திறக்கவில்லை. கம்பெனியின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடியபோது முதலில் வந்த சர்வீஸ் சென்டர் எண்ணை என் கணவர் அழைத்தார். அது கம்பெனியின் பெயரைப் போட்டுக்கொண்டு தொழில் நடத்தும் வேறு யாரோ ஒருவருடைய எண் என்பது பணம் போன பிறகுதான் தெரிந்தது.

வந்தவர் மின் பாகங்களைச் சோதிக்கும் மல்டிமீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. இரண்டு பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு, ஓவனை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டு எரிந்துவிட்டது, 14,000 ரூபாய் ஆகும் என்றார். பாதியை யுபிஐயில் முன்பணமாக வாங்கிக்கொண்டு போர்டைக் கழற்றிச் சென்றார். திரும்பி வந்து போர்டைப் பொருத்தியும் கதவு அசையாததால், ஸ்குரூடிரைவரை இடுக்கில் செருகி நெம்பினார். கதவைப் பூட்டும் கொக்கி வளைந்தது, கதவைச் சுற்றியுள்ள சீல் பட்டையான கேஸ்கெட் கிழிந்தது. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னவர் அன்று மாலையே எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பிறகு வாரன்டி அட்டையில் இருந்த எண்ணில் அழைத்தோம். வந்த டெக்னீஷியன் ஓசூர்க்காரர். ஒவ்வொரு பாகத்தையும் மீட்டர் வைத்துப் பார்த்தே பேசினார். கிளீனிங்கின்போது உள்ளே 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறுவதால், யாரும் திறந்துவிடாதபடி ஒரு சிறிய மோட்டார் கொக்கியைத் தள்ளிப் பூட்டுகிறது. சூடு இறங்கியதைச் சென்சாரும், கொக்கி நிற்கும் இடத்தை மைக்ரோ சுவிட்சும் தெரிவித்த பிறகே போர்டு பூட்டை விடுவிக்கும். இடையில் கரண்ட் போனாலோ, சென்சார் தவறான அளவைக் காட்டினாலோ, அந்தக் கடும் சூட்டில் தெர்மல் ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்) போனாலோ கதவு பூட்டியபடியே நிற்கக்கூடும். போர்டு பழுதாவதும் உண்டு. ஆனால் மற்றவற்றைச் சோதிக்காமல் அதைச் சொல்ல முடியாது. எங்களுக்குப் போயிருந்தது மைக்ரோ சுவிட்ச் மட்டும்தான். போர்டு மாற்றப்படவே இல்லை: அதில் ஒட்டியிருந்த தயாரிப்பு மாதமும் ஓவனின் தகட்டில் உள்ள மாதமும் ஒன்றே.

உங்கள் ஓவனுக்கு இப்படி நேர்ந்தால், நன்றாக ஆறவிட்டு, சைல்ட் லாக் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, மின் பெட்டியில் ஓவனுக்குரிய எம்சிபி சுவிட்சைச் சில நிமிடங்கள் அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். அப்போதும் திறக்காவிட்டால், கிளீனிங்கைத் தொடங்கி, பூட்டும் சத்தம் கேட்டவுடன் கேன்சல் செய்யுங்கள். பாதியில் நின்ற கொக்கி சில மாடல்களில் அதிலேயே விடுபட்டுவிடும். யாரையும் நெம்ப விடாதீர்கள். பாகத்தை மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

யுபிஐ ரசீது, வளைந்த கொக்கியின் படங்கள், இரண்டாவது டெக்னீஷியன் எழுதித் தந்த குறிப்பு ஆகியவற்றோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்தால் போதும்.