சேலத்தில் இருந்துகொண்டு டிராவல் கார்டுக்கு 5,900 ரூபாய் கட்டலாமா?

டிராவல் கிரெடிட் கார்டு பற்றி வரும் வீடியோக்களில் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு மாசம் ரெண்டு தடவை விமானம் ஏறுகிறவர்களின் கணக்குதான் இருக்கும். நான் இருப்பது அம்மாபேட்டையில். வருஷத்துக்கு ஒரு தடவை சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் பெரிய விஷயம், மற்றபடி ரயில்தான். சில வருஷமாக ஒரு தனியார் வங்கியின் டிராவல் கார்டு கையில் இருக்கிறது. பேரைச் சொல்லவில்லை, இந்த விலையில் கிடைக்கும் கார்டுகளெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நம் ஊரில் இருப்பவருக்கு இது கட்டுபடியாகுமா என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஆண்டுக் கட்டணம் 5,000 என்று விளம்பரத்தில் இருக்கும். 18% ஜிஎஸ்டி சேர்ந்து கையை விட்டுப் போவது 5,900. 100 ரூபாய் செலவுக்கு 4 பாயிண்ட். அந்த பாயிண்டை வங்கியின் தளத்திலேயே விமான டிக்கெட்டுக்கு மாற்றினால் ஒன்றுக்கு 50 பைசா, மிக்ஸியோ சூட்கேஸோ வாங்கினால் 20 பைசாதான் தேறும், அதனால் பொருள் வாங்கும் பக்கமே போகாதீர்கள். எங்கள் வீட்டுச் செலவில் வருஷத்துக்கு சுமார் 4 லட்சம் இந்தக் கார்டில் போகிறது. ஆனால் பாயிண்ட் வருவது ஏறக்குறைய 2.6 லட்சத்துக்குத்தான். பெட்ரோலுக்கு 1% சர்சார்ஜ் தள்ளுபடி உண்டு, பாயிண்ட் கிடையாது. வாடகை, வாலட்டில் போடும் பணம், அரசுக்குக் கட்டும் வரி எதற்கும் கிடையாது. ஆக 10,400 பாயிண்ட், அதாவது 5,200 ரூபாய். கட்டணம் கட்டிப் புதுப்பித்தால் 6,000 பாயிண்ட் போனஸ், அது 3,000. மொத்தம் 8,200. இதில் 5,900 போனால் மிச்சம் 2,300.

இதே 2.6 லட்சத்தைக் கட்டணமே இல்லாத, 1% கேஷ்பேக் தரும் சாதாரண கார்டில் தேய்த்திருந்தால் 2,600 வந்திருக்கும்! பெட்ரோல், மளிகை, துணிமணி என்று உள்ளூர்ச் செலவு மட்டும் செய்கிறவருக்கு டிராவல் கார்டு நஷ்டம்தான். இதற்கு மேல் வங்கித் தளத்தில் அதே விமானம் சில நாள் 300, 400 ரூபாய் கூடவே காட்டும், பக்கத்தில் விமான நிறுவனத்தின் தளத்தைத் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் பாயிண்டைச் செலவழிக்கக் கூடாது.

இன்னொன்று, எல்லாக் கடையிலும் கார்டு ஓடாது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கப் போனேன், பில் போட்டாச்சு, கார்டை நீட்டியதும் கடைக்காரர், “அக்கா, கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்துப் போடணுங்க, ஜிபே பண்ணிடுங்களேன்” என்றார். எனக்கு வரும் பாயிண்டின் மதிப்பும் அதே ரெண்டு பர்சன்ட்தான். அவருக்குக் கொடுத்து வங்கியிடம் வாங்குவதில் எனக்கு என்ன லாபம்? ஜிபேயில் போட்டுவிட்டு வந்தேன். லீ பஜாரில் மொத்தமாக அரிசி, பருப்பு எடுக்கும்போதும் இதே கதை. யுபிஐயோடு சேர்வது ரூபே கிரெடிட் கார்டு மட்டும்தான், என்னுடையது ரூபே இல்லை. சின்னக் கடைகளுக்கென்றே கட்டணமில்லாத ஒரு ரூபே கார்டை தனியாக வைத்திருக்கிறேன். அப்படி அங்கே போகும் செலவெல்லாம் இந்தக் கார்டின் கணக்கில் ஏறாது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லவுஞ்ச், அதாவது விமான நிலையத்தில் கார்டைக் காட்டிப் போய் உட்கார்ந்து சாப்பிடும் அறை, அதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கமலாபுரத்தில் நம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மறுபடி சேவை தொடங்கியது எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம், ஓமலூர் வரை போனால் விமானம் ஏறலாம். ஆனால் அது சின்ன நிலையம், அங்கே லவுஞ்ச் கிடையாது. சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கி மாறும்போதுதான் இந்த வசதி பயன்படும். அதிலும் முந்தைய மூன்று மாதத்தில் 50,000 செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று நடுவில் விதி மாறிவிட்டது. எங்கள் வீட்டுச் செலவுக்கு அந்தத் தொகை தானாக வந்துவிடும், கார்டில் குறைவாகச் செலவு செய்கிறவர்களுக்கு வராது. லவுஞ்சுக்காக வேண்டாததை வாங்கத் தொடங்கினால் அங்கேயே தோற்றோம். ஒரு தடவை உள்ளே போவது ஆயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்பு என்று விளம்பரம் போடுகிறார்கள். லவுஞ்ச் இல்லையென்றால் நான் வெளியே ஒரு பொங்கலும் காபியும் சாப்பிட்டிருப்பேன், விமான நிலைய விலையில் 300 ரூபாய் ஆகும். எனக்கு மிச்சம் அந்த 300தான். கையிலிருந்து போயிருக்க வேண்டிய பணம் எவ்வளவோ அதை மட்டுமே லாபமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

கார்டு பாயிண்டை மைல்களாக, அதாவது விமான நிறுவனத்தின் சொந்த பாயிண்டாக, மாற்றினால் இன்னும் நல்ல மதிப்பு வரும் என்பது உண்மை. யாருக்கு வரும் என்பதுதான் கேள்வி. சேலத்திலிருந்து சிங்கப்பூர் போக வசதியான வழி திருச்சியோ கோயம்புத்தூரோதான். ரெண்டு ஊரிலிருந்தும் குறைந்த கட்டண விமானமான ஸ்கூட் நேராகப் பறக்கிறது, நாமக்கல் வழியாகக் காரில் போனால் திருச்சி விமான நிலையம் சில மணி நேரம். மைல் சேர்த்துச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மாதிரி பெரிய நிறுவனத்தின் விமானத்தில் போக வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். பெங்களூர் விமான நிலையம் தேவனஹள்ளியில், ஓசூர் தாண்டி நகரம் முழுவதையும் கடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பணத்தில் மைலில் மிச்சம் பிடித்தது பாதி கரைந்துவிடுகிறது, பெட்டியோடும் பிள்ளைகளோடும் அந்த அலைச்சல் வேறு. அதனால் மைலாக மாற்றாமல் வங்கித் தளத்திலேயே திருச்சி டிக்கெட்டில் கழித்துவிடுகிறேன். மைலைச் சேர்த்து வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு 36 மாதம்தான் ஆயுள். விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் பாயிண்டெல்லாம் ஏர் இந்தியாவின் கணக்குக்கு மாறியது. நாம் சேர்க்கத் தொடங்கும்போது இருந்த திட்டம் செலவழிக்கும்போது அப்படியே இருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது.

இந்தக் கார்டு எனக்கு உண்மையாக உதவியது சிங்கப்பூரில்தான். சாதாரண கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் (வங்கி கூடுதலாகப் போடும் கட்டணம்), அதன் மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13%. இதில் 2%தான், ஜிஎஸ்டியோடு 2.36%. 60,000 ரூபாய்க்குச் செலவு செய்தால் அங்கே 2,478, இங்கே 1,416, ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். ஆனால் மெஷினில் ஒரு இடம் இருக்கிறது, அதைப் பார்த்து அழுத்தாவிட்டால் இந்த மிச்சமெல்லாம் ஒரே நொடியில் போய்விடும். லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் 200 டாலருக்குச் சாமான் எடுத்தோம். அன்று டாலர் 63 ரூபாய் பக்கம். கார்டைச் செருகியதும் திரையில் ரெண்டு வரி: மேலே 200 டாலர், கீழே 13,100 ரூபாய். வீட்டுக்காரர், “ரூபாயிலேயே போட்டுடு, கணக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கும்ல” என்றார். பக்கத்தில் நின்ற அக்கா மகன், “வேண்டாம் சித்தி, டாலர்லயே போடுங்க” என்று விரலால் மேல் வரியைத் தொட்டுக் காட்டினான். டாலரில் போட்டேன், பில்லில் மார்க்கப் எல்லாம் சேர்த்து 12,900 சொச்சம்தான் வந்தது. ரூபாயில் போட்டிருந்தால் கடையின் வங்கி வைக்கும் மாற்று விகிதம், அதற்கு மேல் நம் ஊரில் சில வங்கிகள் தனியாகப் போடும் 1% கட்டணம் என்று ரெண்டு பக்கமும் போயிருக்கும். வெளிநாடு போகிற யாராக இருந்தாலும் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள்.

இதிலும் ஒரு விஷயம். கட்டணமே இல்லாமல், மார்க்கப்பும் இல்லாமல் இப்போது கார்டுகள் வந்துவிட்டன. ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வரும் ஸ்காப்பியா அப்படி ஒன்று. வெளிநாட்டுச் செலவுக்காக மட்டும் 5,900 கட்டி ஒரு கார்டை வைத்திருக்க இனிமேல் காரணமில்லை.

ஏற்காடு போகும்போதாவது பாயிண்டில் ரூம் போடலாமே என்று என் தோழி கேட்டாள். நான் பார்த்தவரை வங்கித் தளத்தில் வருவது பெரிய ரிசார்ட்டுகள் சிலதுதான், மே மாதக் கோடை விழா நேரத்தில் அவற்றின் விலையும் மலையேறிவிடும். நாங்கள் தங்கும் காபி எஸ்டேட் வீடுகள் போனில் சொன்னால் நோட்டில் எழுதிக்கொண்டு, யுபிஐயில் அட்வான்ஸ் வாங்குகிறவை. ரயிலுக்கும் இதே நிலைதான். ஏற்காடு எக்ஸ்பிரஸிலும் வந்தே பாரத்திலும் அடிக்கடி சென்னை போகிறவருக்கு ஐஆர்சிடிசி பெயரில் வரும் எஸ்பிஐ கார்டு இதைவிடப் பொருத்தம், டிக்கெட் எடுக்கும்போது 1% பரிவர்த்தனைக் கட்டணம் இல்லை.

அப்புறம், பில்லை முழுசாகக் கட்ட முடியாதவர் எந்த டிராவல் கார்டும் எடுக்கவே வேண்டாம். 50,000 ரூபாயை ஒரு மாசம் தள்ளினால் 3.6% வட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி, ரெண்டும் சேர்ந்து 2,100க்கு மேல். மேலே சொன்ன ஒரு வருஷ மிச்சம் ஏறக்குறைய முழுவதும் போச்சு.

இந்த வருஷம் புதுப்பிக்கும் தேதிக்கு முன்னால் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, கார்டை மூடப் போகிறேன் என்றேன். முதலில் சலுகை எதுவும் இல்லை என்றார்கள். உறுதியாக நின்றதும், “மேடம், ரெண்டு மாசத்துல ஒரு லட்சம் செலவு பண்ணீங்கன்னா ஃபீஸை ரிவர்ஸ் பண்ணிடறோம், ஆனா போனஸ் பாயிண்ட் வராது” என்றார் அந்தப் பெண். சரி என்றேன். பையனின் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம், செலவுக்கு நானாக அலைய வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை, போனஸும் இல்லை என்றால் 5,200 ரூபாய் பாயிண்ட் சும்மா வருகிறது, 1% கார்டின் 2,600ஐ விட இருமடங்கு. அதனால் இன்னும் ஒரு வருஷம் வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் மறுத்தால் மூடிவிடுவேன்.

மூடுகிறவர்கள் முதலில் பாயிண்டைச் செலவழித்துவிடுங்கள், கரண்ட் பில், மொபைல் என்று கார்டில் தானாகப் போகிறதை வேறு கார்டுக்கு மாற்றுங்கள், பாக்கியைக் கட்டிவிட்டு மெயிலில் எழுத்தாகக் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை, கேட்ட நாளிலிருந்து 7 வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. மெயிலில் அந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள்.