கிறிஸ்தவ நாவலா, துப்பறியும் நாவலா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் தோழி, இந்த இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டாள். இரண்டையும் ஆசையாகப் படிப்பவள் நான், அதனால் சொல்கிறேன்.

விலை: துப்பறியும் பாக்கெட் நாவல் மலிவு, பழைய புத்தகக் கடையில் இன்னும் மலிவு. தமிழில் நல்ல கிறிஸ்தவ நாவலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வேகம்: துப்பறியும் கதை சூளகிரி வருவதற்குள் இழுத்துப் போட்டுவிடும். மற்றது மெதுவாகத்தான் ஏறும்.

திரும்பப் படிக்க: கொலையாளி யாரென்று தெரிந்தபின் பெரும்பாலான துப்பறியும் கதைகளைத் தொடவே தோன்றாது. ஆனால் ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678-ல் எழுதி வெளியிட்ட மோட்சப் பயணக் கதையில், முதுகுச் சுமையோடு நடந்து வந்தவன் சிலுவை முன் நின்றதும் அந்த மூட்டை தானே அவிழ்ந்து உருண்டு போகும் பாருங்கள், அந்தப் பக்கத்தை எத்தனை தரம் படித்தாலும் என் தோளும் லேசாகிவிடும். அதைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற தமிழ்க் காவியத்தைப் பாடினார்.

குறை: கிறிஸ்தவ நாவல்கள் பலவற்றில் கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் அவசரமாக மனந்திரும்புவார்கள், அது எனக்கு ஒட்டவே ஒட்டாது.

சரி, பஸ்ஸுக்குத் துப்பறியும் கதை, மனசு கனக்கும் ராத்திரிக்கு ஜான் பனியனின் கதை. இரண்டும் ஒன்றாக வேண்டுமா, ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டனின், பாதிரியார் பிரவுன் துப்பறியும் கதைகளை எடுங்கள்; முதல் தொகுப்பு 1911-ல் வந்தது. பாவசங்கீர்த்தனம், அதாவது மக்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிடுவதைக் கேட்டுப் பழகிய அந்தப் பாதிரியாருக்கு, திருடனைப் பிடிப்பதைவிட அவன் திருந்துவதுதான் முக்கியம்.