ராயப்பேட்டை அலுவலகம், திருவான்மியூர் வீடு: நெட்வொர்க் கேபிள்களோடு பல வருடப் பழக்கம்

வீடு கட்டுகிறவர்களும் அலுவலகம் மாற்றுகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கேட் 6 போடலாமா, இல்லை கேட் 7 போட்டுவிடலாமா? (‘கேட்’ என்பது ‘கேட்டகரி’யின் சுருக்கம்; பின்னால் வரும் எண் நெட்வொர்க் கேபிளின் தர வகை.) ராயப்பேட்டையில் அச்சு வடிவமைப்பு அலுவலகம் வைத்திருக்கிறேன். ஒரு பத்திரிகை இதழுக்கான கோப்புகள் பல ஜிபி இருக்கும். காலையிலிருந்து இரவு வரை அவை சர்வருக்கும் கணினிகளுக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கம். இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட எல்லா வகைக் கேபிளும் ஓடியிருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்: உள்ளே இருப்பது செம்புதானா, முனையில் கனெக்டரைச் சரியாக அடித்தார்களா, கேபிள் எந்த இடம் வழியாகப் போகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் எண்ணைப் பார்க்க வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்தபோது டிவி கேபிள் மாதிரியான கோஆக்சியல்தான் இருந்தது. ஒவ்வொரு கணினிக்குப் பின்னாலும் ஒரு டி கனெக்டர், வரிசையின் இரண்டு கோடியிலும் ஒரு டெர்மினேட்டர். வேகம் 10 எம்பிபிஎஸ், ஒரு வரிசை 185 மீட்டரைத் தாண்டக் கூடாது. யாராவது காலை நீட்டி ஒரு டி கனெக்டரை அசைத்துவிட்டால் மொத்த அலுவலகமும் நின்றுவிடும். அது போனதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

அதற்கு அடுத்து வந்த கேட் 5இ மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. சுவருக்குள் பைப்பில் இழுத்துவிட்ட எங்கள் கேட் 5இ இன்றைக்கும் 1 ஜிபிபிஎஸ் தருகிறது. 100 மெகாஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த கேபிள் அது. 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். இது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது, 2016இல் வந்த 2.5 ஜிகாபிட் தரம் இந்தப் பழைய கேபிளை மனதில் வைத்தே எழுதப்பட்டது என்பது. கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் சர்வரின் நெட்வொர்க் கார்டையும் மட்டும் மாற்றினோம். அதே சுவர், அதே கேபிள், 2.5 ஜிகாபிட் ஓடுகிறது. ஆகவே நல்ல செம்பு கேட் 5இ சுவருக்குள் இருக்கிறவர்கள் அதற்காகச் சுவரை உடைக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு கேட் 6. கம்பி சற்றுத் தடிமன், பெரும்பாலும் 23 கேஜ். நாலு ஜோடிகளையும் பிரித்து வைக்க நடுவில் சிலுவை மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்கும். 250 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். 10 ஜிகாபிட் வேண்டுமானால் சுமார் 55 மீட்டர் வரை தரும். சென்னை ஃப்ளாட்டில் எந்த அறைக்கும் அவ்வளவு தூரம் வராது. ஒரே தொல்லை, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். முக்கால் இஞ்ச் பைப்பில் வளைவுகள் அதிகமிருந்தால் இழுப்பதற்குள் எலக்ட்ரீஷியன் வியர்த்துவிடுவார். கேட் 6ஏ 100 மீட்டருக்கும் 10 ஜிகாபிட் தரும், ஆனால் இன்னும் தடிமன். சர்வரிலிருந்து பெரிய கோப்புகளைத் திறக்கும் ஒரு கணினிக்கு மட்டும் அதை இழுத்திருக்கிறோம். மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கேட் 7 வேண்டாம். அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ அதை ஏற்கவே இல்லை. அதன் தரப்படி ஜிஜி45, டெரா என்று வேறு கனெக்டர்கள் வேண்டும். நம் வீட்டு ரவுட்டரில் இருப்பது சாதாரண ஆர்ஜே45. ஆன்லைனில் கேட் 7 என்ற பெயரில் விற்கும் தட்டையான ஒயரின் முனையிலும் அதே ஆர்ஜே45தான். கேட் 8 டேட்டா சென்டர் ரேக்குகளுக்கு இடையே 30 மீட்டருக்குள் ஓட வந்தது. தவிர, உலோகக் கவசம் போட்ட கேபிள் எதுவானாலும் அந்தக் கவசத்தை எர்த்தோடு சேர்க்க வேண்டும். எர்த்தே ஒழுங்காக இல்லாத பழைய கட்டடங்களில் கவசத்துக்குக் கொடுக்கும் காசு வீண்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம், செம்பு பூசிய அலுமினியக் கேபிள். எங்கள் அபார்ட்மென்ட்டில் கேமராக்களுக்கு ஒரு கான்ட்ராக்டர் அதைத்தான் இழுத்திருந்தார். பகலில் எல்லாம் நன்றாகவே தெரியும். இருட்டியதும் வாசல் கதவுப் பக்கத்துக் கேமரா மட்டும் அணைந்து அணைந்து எரியும். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், கேமராவைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். உண்மையான காரணம் இதுதான். இந்தக் கேமராவுக்கு மின்சாரமும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகிறது. இருட்டில் அகச்சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் அது இழுக்கும் மின்சாரம் கூடும். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். நீண்ட ஓட்டத்தில் வோல்டேஜ் வழியிலேயே இறங்கி, கேமரா ரீஸ்டார்ட் ஆகும். விசாரித்தபோது கான்ட்ராக்டர் கேபிள் பெட்டியைக் காட்டினார்: “சார், இதுவும் கேட் 6தான் சார், எழுதியே இருக்கு பாருங்க.” எழுதித்தான் இருந்தது. ஒரு கம்பியை பிளேடால் மெல்லச் சுரண்டினேன். செம்பு நிறம் தோல் மாதிரி உரிந்து உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. இரண்டு முறை முன்னும் பின்னும் வளைத்ததும் ஒடிந்தும் போனது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 305 மீட்டர் பெட்டி வாங்கும்போது இந்த பிளேடு சோதனையைக் கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். செம்புப் பெட்டி கையில் தூக்கினாலே கனம் தெரியும். ஏற்கெனவே இழுத்த கேபிளென்றால் மல்டிமீட்டர் போதும். ஒரு முனையில் நீலத்தையும் அதன் ஜோடி வெள்ளை நீலத்தையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு மறுமுனையில் அளக்க வேண்டும். 50 மீட்டர் ஓட்டத்துக்கு நல்ல செம்பில் 9 ஓமுக்குள் அடங்கிவிடும். 13, 14 என்று காட்டினால் அலுமினியம்தான், சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது உப்புக்காற்று. திருவான்மியூரில் பால்கனி பக்கம் இருக்கும் கனெக்டர்களின் பின்கள் பச்சை பூத்துவிடும். அப்போது நெட் முழுதாக நிற்காது, வேகம் மட்டும் சட்டென்று 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும். 100க்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நாலும் வேண்டும். ஸ்பீடு டெஸ்ட் 94, 95லேயே நின்றால் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் கனெக்டரைப் பாருங்கள். முனையை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டரைக் கருவியால் அழுத்திப் பொருத்தினால் (கிரிம்ப் செய்தால்) பெரும்பாலும் சரியாகிவிடும். அடிக்கும்போது ஜோடியின் முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்கக் கூடாது, வெளித்தோல் கனெக்டருக்குள் நுழைந்து அதோடு கவ்வியிருக்க வேண்டும். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பகுதி இந்த அரை இஞ்சில்தான் இருந்திருக்கிறது.

மொட்டை மாடியில் சாம்பல் நிற உள்ளரங்கக் கேபிளைப் போட்டால் சில கோடைகளிலேயே தோல் வெடித்துவிடும். அப்புறம் ஐப்பசி மழைத் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே வழிந்து ரவுட்டர் வரை வரும். வெளியில் கறுப்பு பாலிஎத்திலீன் தோல் போட்ட வகைதான் போட வேண்டும். கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆனால் மாடிக்கு மாடி, கட்டடத்துக்குக் கட்டடம் போகும் ஓட்டத்துக்கு எந்தத் தோல் போட்ட செம்பும் வேண்டாம் என்பது என் முடிவு. அலுவலகத்துக்குப் பின்னால் காகிதக் கிடங்கு. இடையே செம்புதான் ஓடியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது வருமே அந்த இடி, அதில் கேபிள் வழியாக வந்த மின் அதிர்ச்சியில் இரண்டு பக்கத்து ஸ்விட்சும் கருகின. அதன்பிறகு ஒளியில் தகவல் அனுப்பும் சிங்கிள் மோட் ஃபைபர் இழுத்து, ஒளியையும் மின் சிக்னலையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் மீடியா கன்வர்ட்டரை இரு முனையிலும் வைத்தோம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சில ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஒன்று கூடவே வரும். உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்த ஃபைபர் போகும் பைப் முழுகியே கிடந்தது. கரண்ட் வந்ததும் கிடங்கு இணைப்பும் வந்துவிட்டது.

ஃபைபரில் கவனிக்க வேண்டியது தூசியும் வளைவும். வீட்டுக்கு வரும் இணைப்பின் முனை பெரும்பாலும் பச்சை நிறம். அதன் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீல நிற முனையின் முகம் சாய்வில்லாதது. இரண்டையும் ஒன்றோடொன்று செருகினால் ஒளி வீணாகும். பெயின்ட் அடிக்க வருகிறவர்கள் அலமாரியைத் தள்ளி, ஃபைபரைச் சுவரோரம் நசுக்கிவிட்டுப் போவதுதான் எங்கள் பகுதியில் ஒளி வரவில்லை என்று காட்டும் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிவதற்கு வழக்கமான காரணம். பெயின்ட் வேலைக்கு முன்னால் அதைக் கழற்றி, மூடி போட்டு, பெரிய வளையமாகச் சுற்றி மேலே மாட்டிவிடுங்கள்.

இப்போது வீட்டில் வயரிங் புதுப்பிக்கிறோம். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கேட் 6, கரண்ட் பைப்பை விட்டுத் தனிப் பைப்பில். அதோடு ஹாலிலிருந்து மாடி வரை ஒரு காலிப் பைப், உள்ளே நைலான் கயிறு மட்டும். பிறகு எதை இழுக்க வேண்டியிருந்தாலும் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் மறந்துவிடுவார், நீங்கள்தான் நின்று போடச் சொல்ல வேண்டும்.