விரலால் டிரம்ஸ் வாசிக்க எந்த மென்பொருள் வாங்கலாம்?

பேடில் (கணினியோடு இணைத்துத் தட்டும் ரப்பர் பொத்தான்களில்) விரலால் வாசிப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது அடிக்டிவ் டிரம்ஸ் 2. சுப்பீரியர் டிரம்மர் 3-இன் ஒலி அசத்தல்தான், ஆனால் முழுத் தொகுப்பும் 230 ஜிபிக்கு மேல், அது மிக்ஸிங்கில் மூழ்குபவர்களுக்கானது. நமக்கு உயிர் ஸ்னேர் டிரம்தான்: மெல்லத் தொட்டால் கோஸ்ட் நோட், அதாவது கேட்டும் கேட்காத மெல்லிய தட்டு, முணுமுணுக்க வேண்டும், ஒரே வலுவில் நாலு தட்டு தட்டினாலும் நாலும் அச்சடித்த மாதிரி ஒலிக்கக் கூடாது, அங்கேதான் அடிக்டிவ் டிரம்ஸ் மனசை அள்ளுகிறது. வெலாசிட்டி வளைவையும் (எவ்வளவு வலுவாகத் தட்டினால் எவ்வளவு சத்தம் என்ற கணக்கை) நம் விரலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், பேட் கொஞ்சம் முரடாக இருந்தால் இது பெரிய உதவி. அப்புறம், ஆடியோ அமைப்பில் பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை) 128 சாம்பிளுக்கு இறக்கிவிடுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 3 மில்லிசெகண்ட்தான். ரொம்ப ஏற்றினால் தட்டியதற்குப் பிறகு ஒலி வந்து சேரும், தாளம் தள்ளாடும். இப்போதைக்குக் காசு வேண்டாமென்றால் எம்டி பவர் டிரம் கிட் 2 இலவசம், பழக அது தாராளமாகப் போதும்.